தலைநகரில் தண்டவாளம் – 9: முகம் முளைத்த இன்ஜின்கள்

சென்ற வாரம் ஜனக்புரி மேற்கு நிலையத்தில் நிறுத்தியிருந்தோம். 2020 டிசம்பர் 28 அன்று இந்தியாவின் முதல் ஓட்டுநரில்லா ரயில் ஓடத் தொடங்கியது அங்கிருந்து நொய்டாவின் பொட்டானிக்கல் கார்டன் வரை போகும் மெஜந்தா வழித்தடத்தில்தான் என்பதைப் பார்த்தோம். இந்த வாரம் நிலையத்தை விட்டு வெளியே வந்து, அதே ஜனக்புரியில் டெல்லி வளர்ச்சி ஆணையம் (டி.டி.ஏ.) கட்டிய குடியிருப்புகளுக்குள் நுழைவோம். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை குழந்தைகள் இருக்கும் வீடுகளில் சோபாவுக்கு அடியில் குனிந்து பாருங்கள். நீல நிறம், பக்கவாட்டில் மஞ்சள் நிறத்தில் 1 என்ற எண், முன்னால் வட்டமான சாம்பல் நிற முகம். தாமஸ் என்ற நீராவி இன்ஜின் அங்கே ஒருக்களித்துக் கிடக்கும். வாசலிலேயே மெட்ரோ ஓடும் பேட்டையில், பிள்ளைகள் கையில் வைத்துத் தூங்குவது 80 வருஷத்துக்கு முந்தைய ஒரு கதைப்புத்தக வரிசையில் பிறந்த இன்ஜினை.

இதைப் பழைய ஏக்கம் என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. ஏங்குவதற்கு இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நீராவி இன்ஜினைப் பார்த்ததே இல்லை. பிராட்கேஜில் கடைசி நீராவி ரயில் ஃபிரோஸ்பூர்–ஜலந்தர் தடத்தில் 1995 டிசம்பர் 6 அன்று ஓடி ஓய்ந்தது. ஜனக்புரிக்குத் தெற்கே டெல்லி கண்டோன்மென்ட், பாலம் வழியாக ரேவாரிக்குப் போகும் பாதை 1873-ல் திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் மீட்டர்கேஜ் பாதை அது. அதிலும் புகை விட்டுப் போன வண்டிகளை இன்றைய தாத்தா பாட்டிகள்தான் அறிவார்கள். பிறகு எது இந்தக் கதைகளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது? அதற்கான பதில் இங்கிலாந்தில், ஒரு பாதிரியார் வீட்டுப் பையனின் படுக்கையறையில் தொடங்குகிறது.

வில்பர்ட் ஆட்ரி 1911-ல் பிறந்தார். அப்பாவும் பாதிரியார், ரயில் பித்தர்; வீட்டுத் தோட்டத்தில் மாதிரி ரயில்பாதை போட்டு வைத்திருந்தவர். குடும்பம் வில்ட்ஷயரில் பாக்ஸ் என்ற ஊருக்குக் குடிவந்தபோது, அவர்கள் வீடு புகழ்பெற்ற பாக்ஸ் சுரங்கப்பாதைக்குப் பக்கத்திலேயே அமைந்தது. அங்கே பாதை மேட்டில் ஏறும். சரக்கு வண்டியை ஒரே இன்ஜினால் இழுக்க முடியாது. பின்னால் இன்னொரு இன்ஜின் சேர்ந்து தள்ள வேண்டும். இரவில் முன்னால் இருப்பது விசிலடிக்கும், பின்னால் இருப்பது பதில் விசிலடிக்கும், பிறகு இரண்டும் மூச்சிரைக்கத் தொடங்கும். படுக்கையில் கிடந்த பையனுக்கு அந்த இரைச்சல் பேச்சாகக் கேட்டது. ‘என்னால் முடியவில்லை’ என்று ஒன்று புலம்புகிறது, ‘முடியும், முடியும்’ என்று மற்றது பின்னாலிருந்து தேற்றுகிறது. பிற்பாடு அவர் எழுதியதெல்லாம் அந்த இரவுகளின் பாக்கிதான்.

ஆட்ரி வளர்ந்து பாதிரியாரானார். போரை எதிர்த்ததால் இரண்டாம் உலகப்போர்த் தொடக்கத்தில் ஒரு பதவியை இழந்து, பர்மிங்காமின் கிங்ஸ் நார்ட்டனில் உதவிப் பாதிரியாராகச் சேர்ந்தார். அங்கே அவருடைய மகன் கிறிஸ்டோபருக்குத் தட்டம்மை கண்டது. இருட்டறையில் அடைந்து கிடந்த பிள்ளையைச் சமாதானப்படுத்த, வரிசையாக நிற்கும் இன்ஜின்களை வரைந்து காட்டினார் அப்பா. அதில் ஒன்றின் முகம் வாடியிருந்தது. ஏன் என்று பிள்ளை கேட்டான். வயதாகிவிட்டது, ரொம்ப நாளாக வெளியே எடுக்கவில்லை என்றார் அப்பா. அதன் பெயர் என்ன? எட்வர்ட். அப்புறம் என்ன ஆயிற்று?

இந்தக் கேள்விகளை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. மறுநாள் அதே கதையைச் சொல்லும்போது ஒரு விவரம் மாறினால் கிறிஸ்டோபர் விடமாட்டான். தப்பாமல் சொல்வதற்காகவே ஆட்ரி கதையைப் பழைய திருச்சபைச் சுற்றறிக்கைகளின் பின்பக்கத்தில் எழுதி வைக்கத் தொடங்கினார். மனைவி மார்கரெட் வற்புறுத்தியிராவிட்டால் அவை அங்கேயே கிடந்திருக்கும். லெஸ்டர் நகரத்துப் பதிப்பாளர் எட்மண்ட் வார்ட் 1945-ல் ‘மூன்று ரயில் இன்ஜின்கள்’ என்ற முதல் புத்தகத்தை வெளியிட்டார். அதில் தாமஸ் கிடையாது. மகனுக்கு அப்பா மரத்தில் எட்வர்ட் செய்து கொடுத்திருந்தார். பிள்ளை பெரிய இன்ஜினான கார்டனும் வேண்டும் என்றான். போர்க்காலத்தில் சாமான் எங்கே கிடைக்கும்? துடைப்பக் கட்டையும் கிடைத்த மரத்துண்டுகளும் ஒரு குட்டி இன்ஜினுக்குத்தான் போதுமானதாக இருந்தன. அதுதான் தாமஸ். 1946-ல் வந்த இரண்டாம் புத்தகம் அவனுடையது.

இவ்விரண்டையும் சேர்த்து 1972 வரை ஆட்ரி எழுதியவை 26 சின்னஞ்சிறு புத்தகங்கள். தட்டம்மை கண்ட அந்த மகனே வளர்ந்து 1983-லிருந்து 2011 வரை இன்னும் 16 எழுதினார். ஆக 42. பிள்ளையின் இரண்டு கைக்குள் அடங்கும் அகல வடிவம். ஒரு பக்கம் சில வரிகள், எதிர்ப்பக்கம் முழு வண்ணப் படம். புத்தகத்துக்கு நான்கு கதை. சோடார் என்று கற்பனைத் தீவு ஒன்று, மான் தீவுக்கும் இங்கிலாந்தின் கம்ப்ரியா கரைக்கும் நடுவே. இவ்வளவுதான் ஏற்பாடு.

எங்கள் பிளாக்கில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சாயங்காலம் பேரனை மடியில் வைத்து இந்தப் புத்தகங்களைப் படித்துக் காட்டுவார். ஆங்கில வரியைப் பார்த்துக்கொண்டே வாயில் தமிழாக வரும். ஒரு நாள் சீக்கிரம் முடித்துவிட்டு நடக்கப் போகலாம் என்று ஒரு பத்தியைத் தாண்டினார். பேரன் புத்தகத்தின் மேல் கை வைத்து மறித்தான். “தாத்தா, தப்பாப் படிக்கறீங்க. சிக்னல் இன்னும் விழலை.” எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாத வயது. ஆனால் சிக்னல் விழாமல் வண்டி நகரக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். பெரியவர் பக்கத்தைத் திருப்பி விட்ட இடத்திலிருந்து படித்தார். முப்பது வருஷத்துக்கு மேல் சிக்னலுக்குக் கட்டுப்பட்டவர், வேறென்ன செய்வார்?

என் கட்சி இதுதான்: இந்தப் புத்தகங்கள் நிலைத்ததற்குக் காரணம் அந்தக் கண்டிப்பு. இன்ஜினுக்கு முகம் வைத்தார், பேச்சு வைத்தார், கர்வமும் பொறாமையும் வைத்தார் ஆட்ரி. தண்டவாளத்தை விட்டு இறங்கி நடக்க மட்டும் விடவில்லை. ரயில்வே எப்படி இயங்குமோ அப்படித்தான் கதை இயங்கும். தண்ணீர் தீர்ந்தால் நிற்கும், பிரேக் சரியாகப் போடாவிட்டால் உருளும், பாயிண்ட் மாறினால் வேறு தடத்துக்குப் போகும். மாயம் எதுவும் வந்து காப்பாற்றாது.

ஹென்றி என்ற இன்ஜினின் வரலாறு இதற்கு நல்ல சான்று. ஓவியர் ரெஜினால்ட் டால்பிக்குப் படம் அழகாக இருந்தால் போதும். சக்கரம் எத்தனை, எந்த அமைப்பு என்பதில் அக்கறை குறைவு. அவர் கையில் ஹென்றி சில படங்களில் அச்சு அசலாக கார்டனைப் போலவே வந்துவிட்டான். வாசகப் பிள்ளைகள் கடிதம் எழுதிக் கேட்கத் தொடங்கினார்கள். ஹென்றியையே தொடரிலிருந்து நீக்கிவிடலாமா என்று யோசித்தார் ஆட்ரி. கடைசியில் ரயில்வேக்காரர் செய்வதைச் செய்தார். 1951-ல் வந்த புத்தகத்தில் பனிக்காலத்து விடியலில் மீன் ஏற்றிப் போகும் ஹென்றியை விபத்தில் சிக்கவைத்தார். உடைந்த இன்ஜினை க்ரூ என்ற ஊரின் உண்மையான பணிமனைக்கு அனுப்பினார். அங்கே புது உருவம் பெற்று, நிஜத்தில் ஓடிய ஒரு வகை இன்ஜினாகவே திரும்பி வந்தான் ஹென்றி. ஓவியரின் பிழை கதைக்குள் பழுதுபார்க்கப்பட்டது. டால்பிக்கும் ஆட்ரிக்கும் ஒத்துப்போகவே இல்லை. பெர்சி என்ற பச்சை இன்ஜினைக் கம்பளிப்பூச்சி மாதிரி வரைந்திருக்கிறார் என்று ஆட்ரி குறைப்பட, சில காலத்தில் டால்பி விலகிக்கொண்டார்.

அந்த விபத்தும் வானத்திலிருந்து வந்ததல்ல. 1876 ஜனவரியில் இங்கிலாந்தின் ஆபட்ஸ் ரிப்டனில் பனி அப்பி உறைந்ததில் கைகாட்டி மரம், ‘நில்’ என்று காட்ட வேண்டிய நேரத்தில் ‘போ’ என்ற நிலையிலேயே சிக்கிக்கொண்டது. ரயில்கள் மோதிப் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சிக்னல்களின் அமைப்பும் விதிகளும் மாறின. ஹென்றியை ஏமாற்றியதும் பனி சிக்கிய சிக்னல்தான். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஆட்ரி சாவை எடுத்துவிட்டார், காரணத்தை எடுக்கவில்லை.

இன்னொன்று, அவருக்கே நடந்தது. வேல்ஸில் டாலிலின் என்ற குறும்பாதை 1865-ல் கற்பலகைச் சுரங்கத்துக்காகப் போட்டது. அது மூடும் நிலைக்கு வந்தபோது, 1951-ல் ஆர்வலர்களே ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். உலகில் தொண்டர்கள் காப்பாற்றிய முதல் ரயில்பாதை. ஆட்ரி அங்கே விடுமுறையில் போய் கார்டாக வேலை செய்தார். ஒரு நாள் நிலையத்தில் சிற்றுண்டி விற்கும் அம்மாள் ஏறுவதற்கு முன்பே பச்சைக்கொடி காட்டிவிட்டார். வண்டி போயே போய்விட்டது. 1955-ல் வந்த ‘நான்கு சிறு இன்ஜின்கள்’ புத்தகத்தில் அந்த அம்மாள் வண்டிக்குப் பின்னால் கத்திக்கொண்டு ஓடுகிறாள்.

நாட்டு நடப்புக்கும் இதே மரியாதை. முதல் இரண்டு புத்தகங்களில் ரயில்வேயின் தலைவர் டைரக்டர் என்று அழைக்கப்படுகிறார். 1948 ஜனவரியில் பிரிட்டிஷ் ரயில்வே அரசுடைமை ஆனது. அந்த வருஷம் வந்த மூன்றாம் புத்தகத்தில் அவர் கன்ட்ரோலர் ஆகிவிட்டார். நம்மூரில் மூன்று ரயில்வேக்கள் ஒன்றாகி 1951 ஏப்ரல் 14 அன்று தென்னக ரயில்வே பிறந்தபோது, பெயர்ப்பலகைகள் மாறியதைச் சொல்லும் ஒரு பிள்ளைக்கதை தமிழில் வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

நீராவி இன்ஜினுக்கே உரிய ஒரு குணத்தையும் சொல்ல வேண்டும். அது தன் வேலையை ஒளிக்காது. தீ எரிவது தெரியும், நீராவி சீறுவது தெரியும், பிஸ்டன் தண்டு போய் வந்து சக்கரத்தைச் சுழற்றுவது கண்ணெதிரே நடக்கும். எது எதை அசைக்கிறது என்பதைப் பிள்ளையின் விரல் தொட்டுக் காட்டிவிடும். மெட்ரோ பெட்டி எனக்குப் பிடித்தமானதுதான். ஆனால் அதன் உயிர் தரைக்கு அடியில் மோட்டார்களிலும் எங்கோ கட்டுப்பாட்டு அறைக் கணினிகளிலும் இருக்கிறது. விரல் வைத்துக் காட்ட இடமில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இந்தத் தொடரோடு தனி ஒட்டுதல் இருப்பதை பிரிட்டனின் நேஷனல் ஆட்டிஸ்டிக் சொசைட்டி ஆய்ந்து பார்த்திருக்கிறது. ஒரு நேரத்தில் ஓர் உணர்ச்சியைத் தெளிவாகக் காட்டும் முகம், மாறாத விதிகள், அடுத்து என்ன நடக்கும் என்று கணிக்கக்கூடிய உலகம். அந்தப் பிள்ளைகளுக்குப் பிடிப்பது எதுவோ அதுவே எல்லாப் பிள்ளைகளுக்கும் பிடிக்கிறது.

குறை இல்லையா? இருக்கிறது. முதல் புத்தகத்திலேயே, மழையில் நனைந்தால் சாயம் போய்விடும் என்று சுரங்கத்தை விட்டு வெளியே வர மறுக்கும் ஹென்றியை உள்ளேயே வைத்துச் சுவர் எழுப்பிவிடுகிறார்கள். அடுத்த கதையில் கார்டன் பழுதாகி நிற்க, சுவரை இடித்து ஹென்றியை அழைக்கிறார்கள். எட்வர்டும் அவனும் சேர்ந்து வண்டியை இழுக்கிறார்கள். பிள்ளைகள் அந்த மீட்பில் சமாதானம் ஆகிவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சுவர் இன்னும் உறுத்துகிறது. மற்றொன்று: இழுக்கும் இன்ஜின் ஆண், பின்னால் வரும் பெட்டி பெண் என்ற ஏற்பாடு. ஆனியும் கிளாராபெல்லும் தாமஸின் பின்னாலேயே போய் வருகிறார்கள். ஜனக்புரிச் சிறுமிகளில் எத்தனை பேர், ‘நான் இன்ஜின்’ என்று சொல்லித்தான் விளையாட்டில் முன்னால் நிற்கிறார்கள்! அவர்களுக்கு ஆட்ரி அதிகம் எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை.

1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வே நீராவியைக் கைவிட்டது. அதே வருஷத்துப் புத்தகத்தில், பழைய இரும்பாக உடைக்கப்படவிருந்த ஆலிவர் என்ற இன்ஜின் இரவோடிரவாகத் தப்பி சோடாருக்கு வந்து சேர்கிறது. அந்தத் தீவு அதன்பின் புகலிடமாகிவிட்டது. 1984-ல் பிரிட் ஆல்கிராஃப்ட் மாதிரி ரயில்களை வைத்துத் தொலைக்காட்சித் தொடர் எடுத்தார். பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் கதை சொன்னார். தாமஸ் உலகம் சுற்றினான். மூன்றாம் பருவத்தில் ரயில்வே விதிக்குப் பொருந்தாத கதைகள் நுழைந்தபோது ஆட்ரி வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். 1997 மார்ச்சில் தம் 85-ம் வயதில் காலமானார்.

அவர் பார்க்காத ஒன்று 2016-ல் நடந்தது. ‘தி கிரேட் ரேஸ்’ என்ற கணினி வரைகலைப் படத்தில் சோடாருக்கு உலகமெங்கிலுமிருந்து இன்ஜின்கள் வருகின்றன. இந்தியாவிலிருந்து வருபவள் ஆஷிமா: இளஞ்சிவப்பு உடல், வண்ண வண்ணக் கோலங்கள். அவளுடைய மூலவடிவம் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை இன்ஜின். மேட்டுப்பாளையத்தில் நாம் பார்க்கும் அதே இன்ஜின்! ஊட்டிக்குப் போய் வந்த டெல்லித் தமிழ்ப் பிள்ளைகள் அவளைத் திரையில் கண்டதும் சொந்தம் கொண்டாடியதில் வியப்பில்லை. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மலையேறுவதற்காகவே செய்த மீட்டர்கேஜ் இன்ஜினை ஸ்டாண்டர்ட் கேஜ் பாதையில் நிறுத்தி ஷண்டிங் போட்டியில் விட்டதை ஆட்ரி ஒப்பியிருக்க மாட்டார். கோலம் போட்டவர்கள் பல்சக்கரத்தை மறந்துவிட்டார்கள்.

இதில் விசேஷம் என்னவென்றால், ஆஷிமாவின் உறவுக்காரர்களை ஆட்ரி 1964-லேயே எழுதிவிட்டார். அவருடைய 19-வது புத்தகம் ‘மலை இன்ஜின்கள்’. அது வேல்ஸின் ஸ்னோடன் மலை ரயிலை வைத்து எழுதியது. தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை, அதில் இன்ஜினின் பல்சக்கரம் கவ்வி ஏறும் ஆப்ட் முறை. ஸ்னோடனிலும் அதுதான், நீலகிரியிலும் அதுதான். ஸ்னோடன் இன்ஜின்களைச் செய்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் ஆலை. நீலகிரிக்கு 1914 முதல் எக்ஸ் வகை இன்ஜின்களை அனுப்பியதும் அதே விண்டர்தூர். ஸ்னோடன் பாதை திறந்த 1896 ஏப்ரல் 6 அன்றே அதன் முதல் இன்ஜின் தடம் விலகி மலைச்சரிவில் விழுந்து நொறுங்கியது. ஆட்ரி அதையும் மறைக்காமல் கதையாக்கியிருக்கிறார்.

கல்லாறு நிலையத்தில் போய் நின்று பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து அதுவரை சாதாரணத் தண்டவாளம். கல்லாறு தாண்டியதும் பல்பட்டை தொடங்குகிறது. வண்டி வேகம் குறைந்து அதன்மேல் ஏறும் அந்தக் கணத்தில் ஓசை மாறும். எக்ஸ் இன்ஜினுக்கு நான்கு சிலிண்டர்கள். இரண்டு, சக்கரங்களைச் சுழற்றும். அங்கே வேலை முடித்த நீராவி வீணாகாமல் மற்ற இரண்டுக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். குன்னூர் வரை பன்னிரண்டரை அடி போனால் ஓரடி உயரும் ஏற்றம். இன்ஜின் முன்னால் இழுப்பதில்லை, கீழ்ப்பக்கம் நின்று முழு வண்டியையும் தள்ளிக்கொண்டே ஏறுகிறது. டிரைவருக்கு முன்பாதை தெரியாது. பெட்டிக்குப் பெட்டி மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன்கள் கொடியை ஆட்ட, முதல் பெட்டிக்காரர் கண்டது கை மாறிக் கை மாறிப் பின்னால் இன்ஜினுக்கு வந்து சேரும். பாக்ஸ் மேட்டில் பின்னாலிருந்து தள்ளிய இன்ஜினின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர் இங்கே ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் எத்தனை கதை கிடைத்திருக்கும்! 46 கிலோமீட்டர், 16 சுரங்கங்கள், 2005-லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம். அந்த இன்ஜின்களைப் பிரித்து மேய்ந்து பராமரிக்கும் திருச்சி பொன்மலைப் பணிமனை, தேவைப்பட்டபோது புதிய எக்ஸ் இன்ஜின்களையே கட்டிக் கொடுத்திருக்கிறது. அந்தத் தொழிலாளிகளின் கதையை, 42 சிறு புத்தகங்களின் கண்டிப்போடு, தமிழில் பிள்ளைகளுக்கு யாராவது எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அடுத்த வாரம் ஜனக்புரியிலிருந்து சாணக்யபுரிக்குப் போகிறோம். மைக்கேல் சேட்டோ என்ற ஆங்கிலேயர் நாடெங்கும் ஷெட் ஷெட்டாக அலைந்து பழைய இன்ஜின்களைத் தேடியதும், 1977 பிப்ரவரி 1 அன்று தேசிய ரயில் அருங்காட்சியகம் திறந்ததும், 1855-ல் லீட்ஸில் பிறந்த ஃபேரி குவீன் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்காரர்கள் கையால் மறுபடி மூச்சு விட்டதும் அதில் வரும்.